ஞாயிறு மூன்று மணிக்கு ஒத்திகை

பளைப் பக்கத்தில் வாசிகசாலை இருக்கிற ஊரிலெல்லாம் ஒரு நாடக மாஸ்டரும் இருப்பார். பாடசாலையில் அவர் படிப்பிப்பது கணக்கோ சமயமோ, அது முக்கியமில்லை. ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தோளில் ஒரு துணிப்பை ஏறிவிடும். உள்ளே கொப்பி, மூன்று நிறப் பேனை, அடிமட்டம். அன்றுமுதல் எதிரில் வருகிறவர்கள் அவர் கண்ணுக்கு மனிதராகத் தெரிவதில்லை. தேங்காய் வியாபாரி மந்திரி, இ.போ.ச. நடத்துநர் தூதுவன், கடன் கேட்டு வருகிறவர்கூட, உயரமாக இருந்தால், சேனாதிபதி.

நாடகம் அநேகமாக வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கதைதான். வன்னியில் அதற்கு நியாயம் உண்டு. 1803 ஒக்ரோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நட்டார்கள். வென்றவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு கல். தோற்றவனுக்கு ஊரூராக மேடை. முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகம் நூலாக வந்த பிறகு பிரதிக்கும் பஞ்சமில்லை. ஆனால் முழு நாடகத்துக்கு ஆளுமில்லை, காசுமில்லை. ஆகவே மாஸ்டர் ஒரு காட்சியோடு நிறுத்துவார்: காக்கை வன்னியன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுக்கிற இடம்.

முதல் ஒத்திகைக்கு அவர் போடுகிற திட்டத்தைப் பார்த்தால் டிறிபேர்க்கே பயந்திருப்பான். 3.00 விளக்கேற்றல். 3.10 அறிமுகம். 3.20 அரங்க விளையாட்டு. 3.45 பிரதி வாசிப்பு. 4.30 தேத்தண்ணி. 4.36 அசைவுகள். தேத்தண்ணிக்கு ஆறு நிமிடம் என்று எழுதின இடத்திலேயே திட்டம் பிழைத்துவிட்டது. அதை அவருக்குச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.

அசைவுகளை அவர் முதல்நாள் இரவே தீர்த்துவிடுவார். பளையில் பொம்மைக்கா பஞ்சம்? முற்றத்துத் தென்னையின் கீழ் குரும்பட்டி கிடக்கிறது. பெரிய குரும்பட்டி பண்டாரவன்னியன், சொத்தையானது காக்கை வன்னியன், இளநீர்க் கோம்பை அரண்மனை. சாப்பாட்டு மேசையில் படை நகரும். மனைவி புட்டுக் கோப்பையோடு வந்தால், "கொஞ்சம் பொறுமப்பா, அதிலை கோட்டை நிக்குது" என்பார்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பீற்றர் புறூக்கையும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும். உலகம் கொண்டாடிய அந்த ஆங்கில நெறியாளர் 1946 இல், இருபத்தொரு வயதில், ஸ்ராற்போர்ட்டில் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றைப் போட்டார். முதல் ஒத்திகைக்கு முதல்நாள் இரவு நாற்பது நடிகருக்கு நாற்பது மட்டைத் துண்டுகளை மடித்து வைத்து, மாதிரி மேடையில் நகர்த்தி நகர்த்தி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். காலையில் உண்மையான மனிதர்கள் நடந்தார்கள். மட்டை நடந்தமாதிரி ஒருவரும் நடக்கவில்லை. கொப்பியை மூடிவிட்டு நடிகர்களுக்கு நடுவே இறங்கினார். அதன் பிறகு எழுதின திட்டத்தோடு ஒத்திகைக்குப் போனதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நமது மாஸ்டருக்கும் இந்தக் கதை தெரியும். மட்டையில் வந்த பிழை என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு மூன்று மணி. வாசிகசாலைக் கொட்டிலில் மாஸ்டர், குத்துவிளக்கு, ஒரு நாய். ஊருக்குக் காற்றாலை போட்ட கொம்பனிக்காரன் காற்றின் பலத்தைச் சும்மா கணக்குப் பார்த்திருக்க மாட்டான். சோளகம் அடித்த அடியில் விளக்கு ஏழுதரம் நூர்ந்தது, திட்டத்தின் இரண்டாம் தாள் ஏ-9 வீதிப் பக்கம் போனது. மந்திரி நாலு மணிக்கு வந்தார். தேங்காய் பிடுங்க ஆள் வந்துவிட்டதாம். தூதுவனுக்கு டியூட்டி மாறிவிட்டது. சேனாதிபதி வந்தார், கடனைக் கேட்டார், போய்விட்டார்.

இருக்கிறவர்களை வைத்து அரங்க விளையாட்டு தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1978 இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி வழியாகப் பரவிய களப்பயிற்சி அது. உடம்பின் கூச்சம் போக நல்ல மருந்து. ஆனால் ஐம்பத்தெட்டு வயதுத் தேங்காய் வியாபாரியிடம், "இப்ப நீங்கள் ஒரு மான்குட்டி" என்றால் அவர் என்ன செய்வார்? "தம்பி, எனக்கு முழங்கால் நோ" என்று வாங்கில் இருந்துவிட்டார். வாங்கில் இருந்தவர் சும்மா இருந்தாரா? இசை நாடக நடிகர் வைரமுத்துவின் மயான காண்டம் பார்த்த கதையை எடுத்தார். ஆயிரக்கணக்கான தரம் மேடையேறிய நாடகம் அது. அவர் பார்த்தது ஒருதரம்தான், சொன்ன நேரம் நாடகத்தைவிட நீளம்.

பாத்திரப் பங்கீட்டில்தான் உண்மையான போர். டிறிபேர்க்குக்கு மூன்று பேர் போட்டி, தொப்பியும் சப்பாத்தும் உண்டென்று. காக்கை வன்னியனாக நடிக்க ஓர் ஆள் இல்லை. "ஒருக்கா நடிச்சால் சாகும்வரைக்கும் காக்கை எண்டுதான் கூப்பிடுவாங்கள், மாஸ்டர்."

கூத்து அண்ணாவிமார் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி வைத்திருந்தார்கள். மட்டக்களப்பில் அதன் பெயர் சட்டங்கொடுத்தல். நாள் பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் நடுவில், ஆளாளுக்குரிய பாட்டை எழுதிய ஏட்டை அண்ணாவியார் கையில் கொடுப்பார். சபையில் வாங்கினவன் பிறகு தேங்காய் பிடுங்கப் போக முடியாது. போனால் ஊர் கேட்கும். மாஸ்டர் தன் பிரதியை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இரண்டு பேர் கும்பிடுபோட்டுப் பதில் அனுப்பினார்கள். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

ஆறு மணிக்குத் தேத்தண்ணி வந்தது. வாய்ப்பனும் வந்தது. அதற்கு மட்டும் பதினொரு பேர் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் மனம் தளரவில்லை. கொப்பியில் புதுப் பக்கம் எடுத்து, 'முதல் ஒத்திகை' என்று அடிக்கோடிட்டு, அடுத்த ஞாயிற்றின் திகதியைப் போட்டார். அசைவுகளைத் திருத்த மேசைக்குப் போனால் படையைக் காணோம். தங்கச்சியின் மகன் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டியிருந்தான். பண்டாரவன்னியன் உச்சியில் கலசம். டிறிபேர்க்கும் மந்திரியும் சில்லு. மேசைக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, கோம்பைக்குள் எல்லாம் தேடினார்கள். காக்கை வன்னியன் மட்டும் அங்கேயும் அகப்படவில்லை.