பேரிங்கும் பெருங்கருணையும்

சுழலும் தண்டுக்கும் அசையாத கூட்டுக்கும் நடுவே இரண்டு எஃகு வளையங்களை வைத்து, அவற்றுக்கிடையே குண்டுகளையோ உருளைகளையோ ஓடவிட்டு உராய்வைக் குறைக்கும் உறுப்புக்குப் பாடநூல்களில் தாங்கி என்று பெயர். பாடநூல் எழுதுகிறவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பேரிங் என்றே சொல்வதால் இங்கும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது. அதற்குள் இடப்படும் கிரீஸ் என்பது வெறும் கெட்டி எண்ணெய் அன்று. உலோகச் சோப்பு ஒன்று தன் நுண்ணிழைகளுக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுழற்சியின்போது சிறிது சிறிதாகக் கசியவிடும் கலவையே அது. ஆகவே கிரீஸ் பட்ட கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர் சோப்பைச் சோப்பால் கழுவ முயல்கிறார் என்பதையும், அது எளிதில் போகாததில் வியப்பில்லை என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம்.

வீட்டுக் கொட்டகையிலேயே பேரிங் பராமரிப்பில் இறங்கும் குடிமக்களுள் கனடாவின் பனிவண்டிக்காரர் குறிப்பிடத்தக்கவர். கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூ என்னும் சிறு பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் பெருகிய இவ்வினத்தார், பனி உருகியதும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களுக்கும் தண்டுகளுக்கும் கிரீஸ் ஏற்றுகின்றனர். கடலோர ஊரான காரைக்காலில் இவ்வினத்தாருக்கு வேலை இல்லை. 1739 முதல் 1954 வரை அதை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தெருப்பெயர்களையும் காவலர் தலையில் சிவப்புத் தொப்பியையும் விட்டுச் சென்றனரே தவிர, பனியை விட்டுச் செல்லவில்லை. ஊருக்கு வாய்த்தது மார்கழிப் பனி ஒன்றுதான். அதைச் சமாளிக்க மஃப்ளர் போதும், வண்டி வேண்டியதில்லை.

எனினும் பனிவண்டிக்கு நிகரான ஒன்று காரைக்கால் பகுதி மீனவ ஊர்களான கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கரையில் வரிசையாக நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் படகின் பின்புறத்தில், டீசல் இயந்திரம் ஒன்று அமர்ந்து, ஆள் நீளத்தைத் தாண்டும் வால் தண்டு ஒன்றைக் கடலுக்குள் நீட்டி, அதன் நுனியில் விசிறியைச் சுழற்றுகிறது. பனிவண்டிக்குக் கோடையில் ஓய்வு என்றால், கிழக்குக் கரையின் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே ஓய்வு; அந்நாள்களில் துறைமுகத்துப் பட்டறைகளில் சுத்தியல் ஓசை ஓயாது என்பதால், சின்ன வேலைகளுக்கு முறை கிடைக்காத ஃபைபர் படகுக்காரர் இயந்திரத்தின் பாகங்களை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்துவிடுகிறார். திண்ணை கிடைத்தவுடன் அறிவுரையாளரும் கிடைத்துவிடுகின்றனர்.

இங்கே ஒரு சாத்திரச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். இயந்திரத்தின் பேரிங்குக்குக் கிரீஸ் போடுவது என்ற தொடரே பாதிப் பிழையாகும். டீசல் இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் கிராங்க் தண்டு, அடியில் தேங்கியிருக்கும் இன்ஜின் ஆயிலில் வாழ்கிறது. இருவீச்சுப் பனிவண்டியிலோ பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே அதைக் கவனித்துக்கொள்கிறது. கிரீஸுக்கு உரியவை வெளியே உள்ள தண்டுகளும் சக்கரங்களும் மட்டுமே. இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் மருமகனிடம், “எல்லாம் வழவழன்னு இருக்கணும், அவ்வளவுதான் மாப்ளே” என்று மாமனார் கூறும் விளக்கம் அறிவியலுக்கு நெருக்கமானது அன்று எனினும், வயதில் மூத்தது.

பழுதைக் கண்டறியும் முறை மருத்துவத்தைச் சார்ந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மீதும் பிடியைக் காதின் மீதும் வைத்துக் கேட்டால், நல்ல பேரிங் ஒரே சீராக முனகும், கெட்டது கரகரக்கும். கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, விரலில் மாட்டி மெல்லச் சுற்றும்போது எங்கேனும் ஓரிடத்தில் தட்டுப்பட்டால், குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை டப்பா கிரீஸ் போட்டாலும் பயனில்லை. புதியது வாங்க அதன் விளிம்பில் பொறித்த எண்ணே போதும்: கடைசி இரு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் என்றால் அவற்றை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும், 6204க்கு 20, 6205க்கு 25. கடைக்காரர் அந்த எண்ணைக் கேட்டதும் ஜாதகம் பார்த்தவர் போலத் தலையசைப்பதன் இரகசியம் ஐந்தாம் வாய்ப்பாட்டைத் தவிர வேறில்லை.

மாட்டும் சடங்குதான் குடும்ப அமைதிக்குச் சோதனை. எஃகு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால் பேரிங்கை 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கித் தண்டில் இறக்குவது முறை. சூடாக்கும் கலம் பெரும்பாலும் வடை சுடும் வாணலியாகவே அமைகிறது. வால் தண்டு எந்தக் குளிர்பெட்டிக்கும் அடங்காது, ஆனால் தண்ணீர் மோட்டாரின் சிறு தண்டு ஃப்ரீசரில் நன்றாகவே அடங்கும்; “வஞ்சிரம் வைக்கிற இடத்துல இரும்பை வச்சா வீடு உருப்படுமா?” என்ற கேள்விக்கு வெப்பவியல் இதுவரை விடை தரவில்லை. இவ்விரண்டுக்கும் அனுமதி கிடைக்காதவர் சுத்தியலை எடுக்கிறார். தண்டைக் கவ்வ வேண்டிய உள்வளையத்தை விட்டு வெளிவளையத்தைத் தட்டுகிறார். அடி குண்டுகளின் வழியாகப் பாய்ந்து பாதையில் குழிகளைப் பதிக்க, புதிய பேரிங் பழையதன் குரலிலேயே பேசத் தொடங்குகிறது.

இத்தனையும் சரியாக நடந்தாலும் இறுதியில் கருணை கெடுத்துவிடுகிறது. திறந்த பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கிரீஸ் இருந்தால் போதும். நிரப்பி அடைத்தால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே ஓட வேண்டியதாகி, சூடேறி, சோப்பு எண்ணெயைக் கைவிட்டு, அடைப்பு வளையமும் பிதுங்கும். ஆனால் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைக்கும் ஊரிடம், திருநள்ளாற்றில் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து நளன் தீர்த்தத்தில் முழுகும் கூட்டத்தைக் கண்டு வளர்ந்த கையிடம், பாதியோடு நிறுத்து என்று சொல்வது எளிதன்று. பாதி இலையில் பரிமாறுவது விருந்தினரை அவமதிப்பது என்னும் டெல்டாக் கோட்பாடு பேரிங்குக்கும் பொருத்தப்படுகிறது. “இன்னும் கொஞ்சம் வைங்க தம்பி, கடல்ல போறது” என்ற குரல் திண்ணையின் ஏதாவதொரு மூலையிலிருந்து வந்தே தீரும். இருபுறமும் ரப்பர் மூடி போட்டு, ஆயுளுக்கும் போதுமான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து அனுப்பிய பேரிங்கும் இக்கருணைக்குத் தப்புவதில்லை. ஊக்கால் மூடியை நெம்பி, பசித்திருக்குமோ என்ற ஐயத்தில் ஊட்டிவிடுகின்றனர்.

கடலுக்குள் போவதற்குக் கூடுதலாக வேண்டுவது அளவன்று, வகை. கால்சியம் சோப்புக் கிரீஸ் உப்புநீரை நன்கு தாங்கும், சூட்டைத் தாங்காது; லித்தியம் கிரீஸ் அதைவிட மிகுந்த சூட்டைத் தாங்கும் என்பதால், நீரில் கிடக்கும் வாலுக்கு முன்னதும் இயந்திரத்தை ஒட்டிய சூடான இடத்துக்குப் பின்னதும் பொருந்தும். நீலம், சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்குவது புடவைக்குச் சரி. கிரீஸில் நிறம் பெரும்பாலும் சாயமே.

டப்பாவில் மிஞ்சியது எந்த வீட்டிலும் வீணாவதில்லை. அது முதலில் கேட்டுக் கீலுக்கும், பிறகு கிணற்று ராட்டினத்துக்கும், அடுத்துச் சைக்கிள் செயினுக்கும் போய், அங்கே கடற்கரை மணலைச் சேர்த்து அரைத்துக்கொண்டபின், எஞ்சிய விரல்நுனி அளவு தையல் மெஷினைத் தேடி வருகிறது. தையல் மெஷினுக்கு உரியது மெல்லிய எண்ணெயே. கிரீஸ் போட்ட மெஷினில் தைத்த ரவிக்கையின் முதுகுப்புறத்தைப் பற்றி அவ்வீட்டு ஆண்கள் கருத்துரைக்காதிருப்பது நலம்.