டேப்லெட்டில் கேம்: சந்தாவா, சொந்தமா?

கேள்வி: டேப்லெட்டில் விளையாட மகன் அடம்பிடிக்கிறான். மாதச் சந்தா கட்டி 'கிளவுட் கேமிங்' சேர்வதா, கேமை விலைக்கே வாங்கிவிடுவதா சார்?

பதில்: வாங்கிவிடுங்கள் அம்மா. கிளவுட் கேமிங்கில் ஆட்டம் ஓடுவது எங்கோ உள்ள சர்வரில். வீட்டுக்கு வருவது அதன் வீடியோ மட்டும். பையன் விரல் வைத்த சேதி அங்கே போய், படமாகத் திரும்பி வரவேண்டும். நெட் ஒரு நொடி திணறினால் போதும், பள்ளத்தைத் தாண்ட வேண்டிய வீரன் பள்ளத்துக்குள் கிடப்பான்! என்விடியாவின் 'ஜிஃபோர்ஸ் நவ்' 720பி தரத்துக்கே விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது. அந்த வேகத்தில் இறங்கினால், தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் பதின்மூன்றே நிமிடத்தில் காலி.

கடை எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதும் நம் கையில் இல்லை. கூகுளின் கிளவுட் கேமிங் சேவை 'ஸ்டேடியா' 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கேம் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. நூறு மணி நேரம் ஆடிச் சேர்த்ததை எல்லோராலும் மீட்க முடியவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

'ஸ்டார்ட்யூ வேலி' என்ற விவசாய கேமை வாங்கிக் கொடுங்கள். ஒருமுறை காசு கொடுத்தால் போதும். விளம்பரம் கிடையாது, நெட்டும் வேண்டாம். பார்ஸ்னிப் விதை போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் நாலே நாளில் அறுவடை. கரண்ட் போய் மோடம் அணைந்த ராத்திரியிலும் பையன் வயலில் இருப்பான்.

'சைபர்பங்க் 2077' மாதிரி பெரிய கேம்தான் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு டேப்லெட் தானாகத் தாங்காது. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், முதலில் ஒரே ஒரு மாதம் சந்தா கட்டிப் பாருங்கள்.