மிஷின் எழுதுன மனு

ஏலே பேராண்டி, நீ கெட்டிக்காரன்தாம்லே. ஊருக்கு பஸ்ஸு கேட்டு கலெக்டருக்கு ஒரு மனு எழுதுன்னா, நான் வெத்தலையில சுண்ணாம்பு தடவி முடிக்கதுக்குள்ள போனைத் தட்டி ரெண்டு பக்கம் எடுத்துட்டயே!

வாசிச்சுப் பாத்தேன். "இது வெறும் பேருந்து அல்ல, எங்கள் கனவுகளை இணைக்கும் நம்பிக்கைப் பாலம்"னு ஆரம்பிக்கி. பஸ்ஸு எப்படிலே பாலமாகும்? அப்புறம் கல்வி, மருத்துவம், பொருளாதாரம்னு மூணு மூணா அடுக்கு வேற. எத்தன மணி பஸ்ஸு நின்னுபோச்சு, அதை நம்பி எந்தெந்தப் பிள்ளைக பள்ளிக்கூடம் போச்சு, அதை மட்டும் காணோம். ஊருப் பேரை அழிச்சு, பஸ்ஸை அழிச்சு, குடிதண்ணின்னு போட்டா ராமநாதபுரத்துக்காரனும் இதையே குடுக்கலாம். கல்யாணப் பந்தல்ல கட்டுத பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இருக்குல்லா, அதேதான். வாடாது, எல்லா வீட்டுக்கும் பொருந்தும், ஆடு மட்டும் ஏமாறாது.

நான் மிஷினுக்கு எதிரியில்லப்பா. எழுதத் தெரியாத சனம் காலங்காலமா அடுத்தவன் கையாலதான் எழுதியிருக்கு. தாலுகா ஆபீஸ் மரத்தடியில மனு எழுதிக் குடுக்கவரு இருப்பாரு. துட்டை வாங்கி மடியில சொருகிட்டுக் குடைய ஆரம்பிப்பாரு. சர்வே நம்பர் என்ன, பங்காளி எத்தன பேரு, அண்ணன் எப்பச் செத்தாரு? முழிச்சா, "போயி விசாரிச்சுட்டு வாரும்"னு வெரட்டிருவாரு. ஒன் மிஷினு ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல. நல்ல சோடிதான்!

பட்டணத்துப் பிள்ளைக்கு டியூசன் வாத்தியாரு இருக்காரு, இங்கிலீசு பேசுத அப்பன் இருக்கான். ஒனக்கு இந்த போனுதான் ஒத்தாசை. வச்சுக்கோ, யாரு வேண்டாங்கா? ஆனா இடைசெவல் கி.ரா. இந்தக் கரிசக்காட்டுப் பேச்சை எழுத்துல கொண்டாந்து, அதுக்கு ஒரு சொல்லகராதியே போட்டாரு. 1991ல சாகித்ய அகாடமி விருதும் வந்துச்சு. அவரு எழுதுனதை ஒன் போன்ல குடுத்து "நல்ல தமிழாக்கு"ன்னு சொல்லிப் பாரு. கி.ரா.வை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைப் பத்திரமாக் குடுக்கும்.

மிஷினு எழுதுனதைப் பிடிக்க காலேஜுல இன்னொரு மிஷினு வச்சிருக்காகன்னயே, அந்தக் கூத்தைக் கேளு. ஒங்கக்கா வாசிச்சுச் சொன்னா. 2023ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுக்காரக 91 கட்டுரையை எடுத்தாக. எல்லாம் இங்கிலீசு தாய்மொழியா இல்லாதவுக டோஃபல் பரீட்சைக்கு எழுதுனது. பிடிக்கிற மிஷினு 7 வச்சுச் சோதிச்சா, சராசரியா நூத்துக்கு 61 கட்டுரையை "மனுசன் எழுதல"ன்னு சொல்லிட்டு. அந்த ஊருப் பிள்ளைக எட்டாங்கிளாஸ்ல எழுதுனதை மட்டும் பெரும்பாலும் சரியாச் சொல்லிருச்சு. தெரிஞ்ச நாலு வார்த்தையை வச்சுச் சிக்கனமா எழுதுனவன் கள்ளன்! இன்னொண்ணு சொன்னா, அதுலதான் எனக்குப் புரையேறிப்போச்சு. அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடிக்கிட்டக் குடுத்து மினுக்கி வாங்குனாக. ஒடனே பாதிக்கு மேல "மனுசன்தான்"னு விட்டுட்டு. சாட்ஜிபிடி செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனியே ஒரு பிடிக்கிற மிஷினு விட்டுப் பாத்து, சரியா வரலைன்னு அந்த வருசம் சூலையில எடுத்துட்டாகளாம். செஞ்சவனுக்கே தெரியல, வாங்குனவனுக்குத் தெரியுமாம்.

அதனால ஒங்க வாத்தியாருமாருகிட்ட தாத்தா சொன்னாருன்னு சொல்லு. ஐயா, ஒரு பிள்ளை மேல சந்தேகம்னா மிஷினு காட்டுத நம்பரை வச்சு மார்க்கை வெட்டாதீங்க. பக்கத்துல உக்கார வச்சு, இதை ஏன் இப்படி எழுதுனன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. எழுதுனவன் சொல்லிருவான். எழுதாதவன், எம்பேரன் மாதிரி, மோட்டைப் பாப்பான்.