செவ்வாயில் ஒரு முகம்

செவ்வாய் கிரகத்தில் யாரோ மனித முகம் செதுக்கி வைத்திருக்கிறார்களாமே, சிற்பி யார்?

சூரியன்! 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் சிடோனியா பகுதியைப் படமெடுத்தபோது, சாய்வெயில் ஒரு குன்றின்மேல் கண்ணும் வாயுமாக நிழல் போட்டிருந்தது. மூக்குத் துவாரம்? பூமிக்கு வரும் வழியில் படத்தில் விடுபட்டுப்போன ஒரு புள்ளி. எல்லாம் நிழல் செய்த வேலை என்று சொல்லித்தான் நாசா படத்தை வெளியிட்டது. முகம் உலகம் சுற்றியது, விளக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டது. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 1998-லும் 2001-லும் எடுத்த தெளிவான படங்களில் வெறும் குன்றுதான்.

அப்படியானால் அங்கே பழங்காலத்தில் யாருமே வாழவில்லையா?

அரண்மனை கட்டியவர்கள் இல்லை. கிருமிகள் இருந்திருக்கலாமே! 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ஊர்தி, வறண்ட ஆற்றுத்தடம் ஒன்றில் சிறுத்தைத் தோல்போலப் புள்ளி விழுந்த பாறையைக் கண்டது. பூமியில் இப்படிப்பட்ட புள்ளிகளுக்கு நுண்ணுயிர்கள் காரணமாவதுண்டு. உயிரே இல்லாமல் வேதிவினையாலும் உண்டாகலாம். எது என்று தீர்ப்புச் சொல்ல அந்தப் பாறைத் துண்டு பூமியின் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும். துளைத்தெடுத்துக் குழாயில் அடைத்தும் ஆயிற்று. கொண்டுவரும் செலவுக்குத்தான் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.