எதிரி நாட்டிலிருந்து ஒரு கடிதம்

கோபான், குவாத்தமாலா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நான் குவாத்தமாலாவில் இருக்கிறேன் என்று அம்மா சொன்னதும் "எதிரி நாட்டில் அவனுக்கு என்ன வேலை?" என்று போனிலேயே கத்தினீர்களாமே. ஆமாம், போடியில் ஏலக்காய் விலை விழும்போதெல்லாம் நீங்கள் திட்டுகிற அதே நாடுதான். அதிலும் நான் இருப்பது ஆல்டா வெரபாஸ் மாகாணம். இந்த நாட்டு ஏலக்காயில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. முதல் உலகப் போர் வாக்கில் ஒரு ஜெர்மன்காரர் நம் நாட்டு ஏலத்தைக் கொண்டுவந்து நட்டாராம். சாபம் கொடுப்பதானால் அவருக்குக் கொடுங்கள். மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்திருக்கும் கெக்சி மக்கள் பாவம். தரகன் சொன்ன விலைக்குப் பச்சைக் காயாகவே போட்டுவிட்டு வருகிறார்கள்.

காயெல்லாம் அரபு நாடுகளுக்குப் போகிறது, இவர்கள் வாயில் வைப்பதில்லை. நான் தொண்டு செய்யும் குழந்தைகள் இல்லத்தில் ஒருநாள் பாயசம் வைத்து ஏலக்காய் தட்டிப் போட்டேன். ஆறு வயசுக்காரி ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு, "சோப்பு விழுந்துவிட்டதா?" என்றாள்.

ஹூஸ்டனில் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு அநாதைக் குழந்தைகளை மடியில் போட்டுத் தாலாட்டுகிறேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். இங்கே தூக்கவே விடமாட்டார்கள் மாமா. நான் வந்த அன்றே பொறுப்பாளர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்: தூக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, "என்கூட வர்றியா" என்று விளையாட்டுக்கும் கேட்கக் கூடாது. பல பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். கோர்ட் உத்தரவில் வந்து சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டிலிருந்து வருஷத்துக்கு நாலாயிரத்துக்கும் மேலான குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்துப் போயின. தரகும் திருட்டும் பெருகிப்போய் 2008-இல் கதவைச் சாத்தினார்கள். இப்போது தத்து எடுக்க வருபவர்களுக்குப் பதில் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் வருகிறார்கள். ஆசை தீரக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறிவிட்டால், ராத்திரி அழுகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது என்கிறார் அந்த அம்மாள். நியாயம்தானே?

ஆகவே எனக்குத் துணி துவைக்கும் வேலை. சிமெண்டில் நடுவே ஆழமாகத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் வரிவரியாகத் துவைக்கும் மேடை. நடுத்தொட்டியில் சோப்புக் கை பட்டால் போச்சு, சமையல்கார அம்மாள் போடும் சத்தம் அச்சு அசல் நம் அத்தை குரல்தான். கோபானில் தூறல் விடுவதே இல்லை. திங்களன்று காயப்போட்ட சட்டை வியாழன்வரை சொட்டுகிறது. இதையெல்லாம் அத்தையிடம் சொல்லாதீர்கள். ஊருக்கு வந்தால் துவைக்கிற கல்லைக் காட்டுவார்.

வாரக் கடைசியில் ஒரு பல் டாக்டரோடு வேனில் மலையூர்களுக்குப் போகிறேன். பள்ளிக்கூட பெஞ்சுதான் நாற்காலி. கரண்டு இல்லாத இடத்தில் டிரில் ஏது? கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டை விரலால் அழுத்தி அடைக்கிறார். 1980-களில் தான்சானியாவில் தொடங்கிய முறையாம். நான் டார்ச் பிடிப்பேன், தலையைப் பிடிப்பேன், முக்கியமாகக் குக்கர் வைப்பேன். கருவிகளைக் கிருமி போக வேகவைக்க இங்கே பிரஷர் குக்கர்தான்! கூட வந்த ஸ்வீடன் பையன் அதைக் கண்டு பத்தடி தள்ளி நின்றான். நான் கேஸ்கட்டைத் தடவிப் பார்த்து, ஆவி சீராக வந்ததும் வெயிட்டைப் போட்டு, பதினைந்து நிமிஷம் கணக்குப் பார்த்து இறக்கினேன். "எங்கே பயிற்சி?" என்றார் டாக்டர். அம்மாவின் அடுக்களை என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடுமென்று சிரித்து வைத்தேன். தற்காலிக அடைப்புக்குக் கிராம்புத் தைலம் குழைக்கும்போது மட்டும் உங்கள் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

தண்ணீரை நம்ப முடியாத ஊரில் கோலாவை நம்புகிறார்கள். பால் புட்டியிலேயே ஊற்றிக் கொடுப்பதும் உண்டு. சர்க்கரையில் வைட்டமின் ஏ கலக்க வேண்டுமென்று 1970-களிலேயே சட்டம் போட்ட நாடு இது. கண் பிழைத்தது, பல் போயிற்று.

இங்கே அந்தக் கால மாயா பெரியமனிதர்கள் முன்பல்லில் துளை போட்டுப் பச்சைக்கல் பதித்துக்கொண்டார்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் எலும்புக்கூடுகளில் அந்தக் கல் அப்படியே இருக்கிறது. உங்களுக்குத் தீபாவளிக்கு அடைத்தது பொங்கலுக்கு விழுந்ததே, அந்த டாக்டர் இதைப் படித்தால் தேவலை. இன்றைக்கும் பாட்டிமார் முன்பல்லுக்குத் தங்கத்தில் சட்டம் கட்டி, நட்சத்திரம் வெட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு சிறுமிக்குச் சொத்தை பரவாமலிருக்க வெள்ளி கலந்த மருந்து தடவினோம். அது பட்ட சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். கண்ணாடியைப் பார்த்தாள், பக்கத்தில் பாட்டியின் வாயைப் பார்த்தாள், "எனக்கு மட்டும் ஏன் கறுப்பு?" என்றாள். டாக்டர் அவசரமாக ஏதோ எடுக்க வேண்டும் என்று வேனுக்குப் போய்விட்டார்.

இன்னொரு வம்பு. இங்கே விழுந்த பால் பல்லைத் தலையணைக்கடியில் வைத்தால் பெரேஸ் என்ற எலி எடுத்துக்கொண்டு காசு வைக்கும். 1894-இல் ஸ்பெயினின் குட்டி ராஜாவுக்காக லூயிஸ் கொலோமா என்பவர் இந்த எலிக்குக் கதையே எழுதினார். எங்கள் ஊரில் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். ஒரு பொடியன் உடனே தன் பல்லை மண்ணில் உருட்டித் தகரக் கூரையில் வீசிவிட்டான். காலையில் தலையணையைத் தூக்கிப் பார்த்தால் காசு இல்லை. கூரைக்கு எவ்வளவு ரேட் என்று என்னிடம் கேட்கிறான். இப்போது ஏணி தேடிக்கொண்டிருக்கிறான், நான் போய் அதை ஒளித்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்