பலகைக்கு எதுக்குலே வீம்பு?

வாலே மக்கா, இப்படித் திண்ணையில உக்காரு. 12 அடித் தோணிக்கு 18 எம்.எம். பிளைவுட் வாங்கப் போறியாமே? புன்னக்காயல் கழிமுகத்துல ரெண்டு பேரு உக்காந்து தூண்டி போடுத தோணிதானே அது? இல்ல, செங்கல்லு ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குக் கெளம்புதியா?

தடிச்சா பெலம்னு எவம்லே சொன்னான்? செல்போனா? டைட்டானிக்குக்கு ஒரு இஞ்சு கனத்துல இரும்புத் தகடு. 1912-ல என்னாச்சு?

8 அடிக்கு 4 அடி பிளைவுட் தகடு, 6 எம்.எம். எடுத்தா 12 கிலோ வாக்குல இருக்கும். 18னா மூணு மடங்கு. தோணியக் கரைக்கு இழுக்கும்போது தெரியும் உன் சவடாலு. அதக்கூட விடு. அந்தத் தடிப்பலகைய முன்னால, அணியத்துப் பக்கம் எப்படி வளைப்ப? நீ அதை வளைக்கதுக்குள்ள அது உன் முதுக வளைச்சிரும்.

கணக்கு கேப்பியே! அதுவும் இருக்கு. கனத்த ரெண்டு மடங்கு ஆக்கினா பலகையோட விறைப்பு 8 மடங்கு கூடும். 6-ஐ 9 ஆக்கினாலே 3 மடங்குக்கு மேல விறைச்சிக்கிடும். எடை ஒண்ணரை மடங்குதான். அப்போ அடிப்பலகைக்கு மட்டும் 9 போடு. மிதி வாங்குததும் மணல்ல தேயுததும் அதுதானே? பக்கத்துக்கு 6 போதும்.

இன்னும் பயமா இருக்கா? வங்கை, அதான் பலகைக்கு உள்ள நிக்குத குறுக்குச் சட்டத்தை, நெருக்கி வையி. குடைத்துணி என்ன கனம்லே? உள்ள கம்பி நிக்கப் போயிதானே காத்தைத் தாங்குது! வங்குக்கும் வங்குக்கும் இடைவெளி பாதியானா, நீ மிதிக்கையில பலகை நெளியுததும் 8-ல ஒரு பங்காயிரும். பலகையோட மேல்ரேகை ஒரு வங்குலேந்து அடுத்த வங்குக்கு ஓடுதான்னும் பாத்துக்கோ. அதை மாத்தி வச்சிட்டு, ‘பலகை மோசம்’னு கடைக்காரங்கிட்ட மல்லுக்கு நிக்காத.

தண்ணி தாங்குத பிளைவுட்டுக்குப் போடுத ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாத்தியா? அந்த ரகத்த 72 மணி நேரம் தண்ணியில கொதிக்கவச்சி, ஒட்டு விடுதான்னு சோதிப்பாவ. நீ என்னடான்னா கனத்த மட்டும் வெரலு வச்சி அளந்துட்டு வந்து நிக்க! தகட்டு ஓரத்தையும் குனிஞ்சி பாரு. ஊடால பொந்து தெரிஞ்சா அது 18 இருந்தா என்ன, 25 இருந்தா என்ன? நண்டு குடியிருக்கலாம்.

அப்புறம், பெயிண்டு அடிக்கதுக்கு முந்தியே தோணிக்குப் பேரெழுத ஆளு தேடுதியாமே? தச்சனத் தேடுனியாலே?

சரி, கெளம்பு. 18-க்கு வச்சிருந்த காசுல மிச்சம் விழும். வாறப்ப தூத்துக்குடி கடைத்தெருவுல எனக்குக் கால் கிலோ மக்ரூன் வாங்கியா. முந்திரி கூடப் போட்டதா பாத்து வாங்குலே.