யாரும் வராத சிறப்புப் பூங்கா: கட்டும் முறை

கோவையில் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கப் போகிறீர்களா? வாழ்த்துகள். மலைக்காதீர்கள். இதற்குத் தேவையான திறமை உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. வரிசைப்படிச் செய்தால் போதும்.

1. இடம் பிடியுங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. நம் ஊரில் அதுதான் ரிசர்வ் சைட். ஈசானி மூலையில் பிள்ளையார், எதிர் மூலையில் சங்க அலுவலகம், ஓரமாகக் கார்கள். மிஞ்சியது குழந்தைகளுக்கு. ஒன்றும் மிஞ்சவில்லையா? நொய்யல் பாயும் ஊரில் குளக்கரைக்கா பஞ்சம்? ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம்; கையை உதறிக்கொண்டு ஓடுவார்கள். ஆகவே வேலி போட்டுக் குளத்தின் அழகைக் கெடுக்காதீர்கள்.

2. வாசல் மூன்று வையுங்கள், பூங்கா நேரத்தில் மூன்றையும் திறந்தே போடுங்கள். சுற்றிலும் வேலி, ஒரே வாசல், தானாகச் சாத்திக்கொள்ளும் கேட் என்று வைத்தால் அம்மாக்காரி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை நடக்கத் தொடங்கியதிலிருந்து அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறாள். நல்ல உடற்பயிற்சி. நிறுத்திவிடாதீர்கள்.

3. திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம் சொல்லுங்கள். பத்தாயிரம் வாலா ஒன்று. குழாய் ஸ்பீக்கர் நான்கு, குழந்தைகள் உட்காரும் வரிசையைப் பார்த்தபடி. பிரமுகர் வரும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வையுங்கள். காதைப் பொத்திக்கொண்டு அலறும் பையனைப் படம் எடுத்து, "மகிழ்ச்சியில் திளைக்கும் மழலை" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். விழா முடிந்தபின் ஸ்பீக்கரைக் கழற்றாதீர்கள், மாலையில் எஃப்.எம். போடலாம்.

4. தூரியில் கவனம் தேவை. ஆடுவதும் சுற்றுவதும் இந்தக் குழந்தைகளில் பலரை நிதானத்துக்குக் கொண்டுவரும். இதைச் சொல்ல தெரபிஸ்ட் வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்தில் தூரி கட்டித் தந்த அப்பத்தாவுக்கே தெரியும். ஆபத்தான பொருள். ஒன்றே ஒன்று மாட்டுங்கள், "ஒருவருக்கு 2 நிமிடம்" என்று பலகை வையுங்கள். மிச்சப் பணத்தில் தகரச் சறுக்குமரம், மேற்கே பார்த்து. ஏப்ரல் வெயிலில் நாலு மணிக்கு அதில் தோசை ஊற்றலாம். தழை உதிர்க்கிற வேம்பை வெட்டிவிட்டு கான்கிரீட் காளான் நடுங்கள். தரைக்குப் பேவர் பிளாக். விழுந்தால் ஞாபகம் இருக்கும்.

5. ஒதுங்கும் மூலை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் பாலோ ஆல்டோ நகரில் 2015-ல் திறந்த மேஜிக்கல் பிரிட்ஜ் திடலில் சின்னச் சின்னக் குடில்கள் உண்டு. கூட்டமும் இரைச்சலும் தாங்காத குழந்தை அதற்குள் போய் உட்கார்ந்து, தெளிந்ததும் வெளியே வரும். இங்கே வைத்தால் காதலர்கள் வருவார்கள். ஆறு வயதுக் குழந்தையின் மூச்சு சீராவதைவிடப் பண்பாடு பெரிது.

6. சாய்தளம் ஒன்று போட்டுவிடுங்கள். 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது; 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் சேர்த்து 21 வகை சொல்கிறது. நமக்கு இருபத்தொன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து, சாய்தளம். அதில் நான்கு எட்டில் ஏறி ஓடுகிற பையனுக்குத் தேவையானது படம் போட்ட பலகை: "தண்ணீர்", "தூரி", "போதும்", "வீட்டுக்கு". பேச்சு வராத குழந்தை விரலால் தொட்டுச் சொல்லும். அந்தச் சுவரில் நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டு வர வேண்டியிருப்பதால் இடமில்லை.

7. யாரையும் கேட்காதீர்கள். பெங்களூரில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய கிலிகிலி அமைப்பு, எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக ஆடட்டும் என்று அங்குள்ள மாநகராட்சிப் பூங்காக்களை மாற்றியமைத்தது. சென்னை மாநகராட்சியும் அவர்களைக் கூட்டிக்கொண்டு சாந்தோமில் ஒரு பூங்கா அமைத்து 2019-ல் திறந்தது. பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தால் உங்கள் வரைபடம் கெட்டுவிடும். நீங்கள் "தெய்வக் குழந்தைகளுக்கு மட்டும்" என்று பலகை மாட்டி, பக்கத்துத் தெருப் பிள்ளைகளை விரட்டுங்கள். நேரம்: பகல் 10 முதல் 4 வரை, அதாவது அந்தக் குழந்தைகள் பள்ளியிலோ தெரபியிலோ இருக்கும் நேரம். சாவி செயலாளர் வீட்டில். அவர் திருப்பூர் போயிருப்பார்.

8. இத்தனைக்குப் பிறகும் ஒரு குடும்பம் வந்துவிடலாம். கலங்காதீர்கள், இனிமேல்தான் உங்கள் சொந்தத் திறமை. முதலில் உற்றுப் பாருங்கள். கையை உதறுகிறானா, அதையும் பாருங்கள். பிறகு அருகில் போய், கனிவாக:

"ஏனுங்க அம்மணி, பையன் இன்னும் பேசலீங்களா?"

பதில் வருமுன் அடுத்தது. "போனைக் குடுத்துப் பழக்கீட்டீங்களாட்ட இருக்குது." அடுத்தது. "எங்க மச்சாண்டார் பையனும் அஞ்சு வயசு வரைக்கும் பேசலீங்க. இப்ப பாருங்க, அமெரிக்காவுல இருக்கறான்." குலதெய்வத்துக்குக் கடன் ஏதும் பாக்கியா என்று விசாரியுங்கள். கோதுமையை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பன் எங்கே என்று கேளுங்கள். அவர் பக்கத்திலேயே நின்றாலும் கேட்கலாம். அதற்குள் பையன் உங்கள் பேரனின் பந்தை எடுத்து முகர்ந்து பார்ப்பான். பேரன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு இன்னொரு பந்தை நீட்டுவான். இது மிக மோசமான கட்டம், வளரவிட்டால் இருவரும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். "வா சாமி, வீட்டுக்குப் போலாம்" என்று பேரனின் கையைப் பிடித்து இழுங்கள். அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி.

9. ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள், ஐ.நா. 2007-ல் அறிவித்தது. பூங்காவுக்கு நீல விளக்குப் போடுங்கள். குழந்தைகளைக் கூப்பிட வேண்டியதில்லை, படத்தில் விளக்குதான் நன்றாக விழும்.

10. ஓராண்டு பொறுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, வெற்றுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கவுன்சிலருக்கு மனு கொடுங்கள்: "மேற்படி பூங்காவை எந்தச் சிறப்புக் குழந்தையும் பயன்படுத்துவதில்லை; எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட குழந்தைகளே இல்லை எனத் தெரிகிறது. ஆகையால் அவ்விடத்தில் பெரியோர்களுக்கு ஷட்டில் கோர்ட் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்." ஷட்டில் ஆட வருபவர்களுக்கு வெளிச்சம், நிழல், கழிப்பறை, இரவு பத்து வரை திறந்த கேட், எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிடும். சாவிக்கும் இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.